முதல் ஸ்போர்ட்ஸ் கார்: ஆர்எக்ஸ்-8ஆ, 350இசட்டா? நாளைக்குள்ள சொல்லணும்

புது_வரவு:
எல்லாருக்கும் வணக்கம். வெளிநாட்டுக்கு வந்து ரெண்டு மாசம் ஆகுது. கையில இருக்கிறது அளவான காசு, ஆனா முதல் வண்டியே ஸ்போர்ட்ஸ் காரா இருக்கணும்னு ஆசை. ரெண்டு செகண்ட் ஹேண்ட் வண்டி பார்த்து வச்சிருக்கேன். ஒண்ணு 2005 மாஸ்டா ஆர்எக்ஸ்-8, இன்னொண்ணு 2005 நிஸான் 350இசட். ரெண்டும் மேனுவல். ஆர்எக்ஸ்-8 அந்த 350இசட்டுல பாதி விலைதான், பார்க்கவும் பளிச்சுன்னு இருக்கு. நாளை சாயங்காலத்துக்குள்ள அட்வான்ஸ் போடலேன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்னு விக்கிறவர் சொல்றார். ரெண்டுல எது? தயவுசெஞ்சு சீக்கிரம் சொல்லுங்க, ராத்திரி தூக்கமே வரல.

வடதிசை:
தம்பி, எது வாங்கணும்னு கேக்குறதுக்கு முன்னாடி எப்ப வாங்கணும்னு கேக்கணும். பனி விழுற ஊரா இருந்தா முதல் குளிர்காலம் முடியட்டும். வந்த புதுசுல வீடு, வேலை, வங்கிக் கணக்குன்னு அலையிறப்போ பழைய ஸ்போர்ட்ஸ் காரையும் சேர்த்துக் கட்டி மேய்க்க முடியாது.

நீங்க சொன்ன ரெண்டுமே பின்சக்கரத்துல இழுக்கிற வண்டி. அதுல பெரும்பாலும் கோடைக்கால டயர்தான் மாட்டியிருப்பாங்க. வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழ போனா அந்த ரப்பர் விறைச்சுப்போய்ப் பிடிமானம் போயிடும். பனியே விழ வேண்டாம், ஈரமான சாலையும் குளிர்ந்த காலையும் போதும், வளைவுல ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் கூடுதலா மிதிச்சா பின்பக்கம் வெளிய போயிடும். டயர் ஓரத்துல மூணு முகட்டு மலைக்குள்ள பனிப்பூ போட்ட முத்திரை இருக்கான்னு பாருங்க. அது இருந்தாத்தான் பனிக்கு ஆகும். அப்படி நாலு டயர் தனியா வாங்கணும், அந்தச் செலவையும் வண்டி விலையில சேர்த்துக்குங்க.

ரெண்டு_சீட்டு:
காத்திருக்கவும் வேண்டாம், அந்த ரெண்டும் வேண்டாம். முதல் ஸ்போர்ட்ஸ் கார்னா மாஸ்டா எம்எக்ஸ்-5தான். எடை ஒரு டன்னை ஒட்டித்தான் இருக்கும், அதனால டயர், பிரேக், கிளட்ச் எல்லாமே மெதுவாத் தேயும். 1989ல இருந்து வருது, பழைய உதிரிபாகத்துக்கும் புது உதிரிபாகத்துக்கும் பஞ்சமில்ல.

1998-2005 வண்டிதான் விலை குறைவா கிடைக்கும். ஆனா துருவுக்குப் பயந்து பார்க்கணும். பின்சக்கரத்துக்கு முன்னால கதவுக்குக் கீழ ஓடுற சில் பகுதி, அப்புறம் முன்பக்க சேஸிஸ் ரெயில் (வண்டியைத் தாங்குற அடிச்சட்டம்), ரெண்டும் உள்ளிருந்தே அரிக்கும். வெளிய பெயின்ட் நல்லா இருந்தாலும் கட்டைவிரலால அழுத்தினா பொருக்குத் தட்டுற மாதிரி நொறுங்கினா அந்த வண்டி வேண்டாம். காரணம் சின்னது: மடக்குக் கூரைத் தண்ணி வெளியேற சீட்டுக்குப் பின்னால ரெண்டு பக்கமும் துளை இருக்கு. இலைதழை அடைச்சா தண்ணி நேரா சில்லுக்குள்ள இறங்கும். ஒரு டம்ளர் தண்ணி ஊத்திப் பாருங்க, உடனே பின்சக்கரத்துக்கு முன்னால தரையில சொட்டணும். இன்ஜின் வால்வை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கிற டைமிங் பெல்ட்டை 1 லட்சம் கி.மீக்கு ஒரு தடவை மாத்தணும், ரசீது இல்லேன்னா மாத்தலேன்னே வச்சுக்குங்க.

காசு கொஞ்சம் கூட இருந்தா 2005-2015 தலைமுறையில 2.0 லிட்டர். அதுல பெல்ட் இல்ல, செயின். 2015க்குப் பின்னால வந்த வண்டி இன்னும் நல்லது, ஆனா முதல் ரெண்டு வருஷத்து 6 கியர் பெட்டியில பல் உடைஞ்ச கேஸ் உண்டு. மூணாவது, நாலாவது கியர்ல சத்தம் வருதான்னு கேளுங்க.

ஸ்பானர்_கை:
அவர் கேட்டது ரெண்டு வண்டி. முதல்ல அதுக்குப் பதில் சொல்லுவோம்.

ஆர்எக்ஸ்-8 ஏன் பாதி விலை? அதுல பிஸ்டன் கிடையாது, முக்கோண ரோட்டர் சுத்துற 1.3 லிட்டர் ரோட்டரி இன்ஜின். ரோட்டர் முனையில இருக்கிற அபெக்ஸ் சீலும் பக்கவாட்டு சீலும் தேய்ஞ்சா கம்ப்ரஷன் (உள்ள காத்தை அமுக்குற அழுத்தம்) விழும். விழுந்தா இன்ஜினைப் பிரிச்சுக் கட்டணும், வேற வழியில்ல. அந்தக் கூலி வண்டி விலையைத் தொடும், சில சமயம் தாண்டும். விக்கிறவருக்கும் அது தெரிஞ்சிருக்கும்.

சோதிக்கிற முறை இது. வண்டியை இருபது நிமிஷம் ஓட்டுங்க. வெப்பநிலை முள் நடுவுக்கு வந்து நின்னதும் ஆஃப் பண்ணிட்டு ஐந்து முதல் பத்து நிமிஷம் விடுங்க. திரும்ப ஸ்டார்ட் பண்ணுங்க. உடனே பிடிக்கணும். இழுத்து இழுத்துப் பிடிச்சா சீல் போயிட்டே இருக்குன்னு அர்த்தம். வேகமாச் சுத்துற ஸ்டார்ட்டர் மோட்டார் போட்டு இந்தக் குறையை மறைச்சுடலாம், அதனால இதை மட்டும் நம்பாதீங்க. ரோட்டரிக்குன்னே இருக்கிற கம்ப்ரஷன் டெஸ்டர் வச்சு ரெண்டு ரோட்டருக்கும் மூணு மூணு முகமா ஆறு எண் எடுக்கச் சொல்லுங்க. சாதாரண கேஜ் ரோட்டருக்கு ஒரு எண்தான் காட்டும், எந்த முகம் வீக்குன்னு தெரியாது. 250 ஆர்பிஎம்முக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தா சதுர செ.மீக்கு 6.9 கிலோவுக்குக் கீழ ஒண்ணு வந்தாலும் இன்ஜின் முடிஞ்சது. அந்தச் சோதனைக்கு ஒத்துக்காத ஆள்கிட்ட அட்வான்ஸ் போடாதீங்க.

எண்ணெய் குடிக்கிறது இதுல நோயில்ல, வடிவமைப்பே சீலை நனைக்க எண்ணெயை உள்ள விட்டு எரிக்கும். ரெண்டு தடவை பெட்ரோல் போட்டா ஒரு தடவை டிப்ஸ்டிக் (எண்ணெய் அளவு பார்க்கிற குச்சி) பார்த்தே ஆகணும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி, பத்தடி நகர்த்தி, உடனே ஆஃப் பண்ணினா பெட்ரோல் தேங்கி பிளக் நனைஞ்சுடும், அப்புறம் ஸ்டார்ட் ஆகாது. இக்னிஷன் காயில் நாலும் அடிக்கடி போகும். காயில் போனதைக் கவனிக்காம ஓட்டினா எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டர்ல போய் அதை அடைக்கும், அந்தச் சூடு திரும்பி இன்ஜினைத் தின்னும்.

350இசட் அவ்வளவு ஆபத்தில்ல. ஆனா 2005ங்கிறது சிக்கலான வருஷம். 2005-06ல வந்த ரெவ்-அப் இன்ஜின் எண்ணெய் குடிக்கிறதுல பேர் போனது. ஆர்பிஎம் மீட்டர்ல சிவப்புக் கோடு 7000ல ஆரம்பிச்சா அது ரெவ்-அப், 6600னா பழைய இன்ஜின். வண்டி ராத்திரி நின்ன இடத்துல காலையில டிப்ஸ்டிக் இழுத்துப் பாருங்க. குறைவா இருந்தா 'இன்னைக்குத்தான் பார்க்கல'ன்னு சொன்னாலும் விட்டுடுங்க. முன் டயரோட உள் ஓரத்தைக் கையால தடவிப் பாருங்க, ரம்பம் மாதிரி நெருடினா அலைன்மென்ட்டோ முன்பக்க ரப்பர் புஷ்ஷோ போயிருக்கு.

கணக்குப்பிள்ளை:
யாருமே இன்சூரன்ஸ் பத்திப் பேசல. வண்டி நம்பரை வாங்கி, அட்வான்ஸுக்கு முன்னாடி மூணு கம்பெனியிலயாவது விலை கேளுங்க. புதுசா வந்தவருக்கு, இரண்டு கதவு, 280 குதிரைத்திறனுக்கு மேலன்னா வருஷப் பிரீமியம் வண்டி விலையில பெரும் பங்கைத் தின்னுடும். ஊர்ல இருந்த இன்சூரன்ஸ் கம்பெனிகிட்ட 'கிளெய்ம் எதுவும் இல்ல'ன்னு எத்தனை வருஷம்னு போட்டு லெட்டர் வாங்கி வையுங்க. எல்லாரும் ஏத்துக்க மாட்டாங்க, ஏத்துக்கிறவங்க கிடைச்சா வித்தியாசம் பெருசு. முந்தைய ஓனர் மாத்தின சைலன்சர், சக்கரம், லோயரிங் ஸ்பிரிங் எல்லாத்தையும் சொல்லிடணும். சொல்லாம விட்டா விபத்துன்னு வரும்போது பணம் தர மறுப்பாங்க.

வடதிசை:
லெட்டர் வாங்கறதே ஒரு பாடு. பதினைந்து வருஷம் நம்ம ஊர் நெரிசல்ல ஒரு கீறல் இல்லாம ஓட்டினவரையும் நேத்து உரிமம் எடுத்த பதினெட்டு வயசுப் பையனையும் ஒரே வரிசையில நிறுத்துறாங்க. இது நியாயமே இல்ல.

ரெண்டு_சீட்டு:
சரியாச் சொன்னீங்க அக்கா. உரிமம் மாத்துறதும் அப்படித்தான். பல நாடுகள்ல ஆட்டோமேட்டிக்ல டெஸ்ட் குடுத்தா மேனுவல் ஓட்டவே அனுமதி இல்ல. யாரும் முன்கூட்டியே சொல்றதில்ல, கிளாஸ் எடுக்கிறவரும் சீக்கிரம் பாஸ் ஆகலாம்னு ஆட்டோமேட்டிக்ல ஏத்திவிட்டுடறார்.

கணக்குப்பிள்ளை:
வாடகை வீட்டுல பார்க்கிங் கொடுக்காம தெருவுல நிறுத்தச் சொல்றது, அதைக் காரணம் காட்டி பிரீமியம் ஏத்துறது. இதையும் சேர்த்துக்குங்க.

புது_வரவு:
எல்லாருக்கும் நன்றி. சில விஷயம் சொல்ல விட்டுட்டேன். பனி விழுற ஊர்தான். தெருவுலதான் நிறுத்தணும். மேனுவல் உரிமம் மாத்திட்டேன். மூணு மாசத்துல மனைவியும் ரெண்டு வயசுக் குழந்தையும் வர்றாங்க, வீட்டுக்கு இது ஒண்ணுதான் வண்டி. ஆர்எக்ஸ்-8 பார்க்கப் போனப்போ இன்ஜின் ஏற்கனவே சூடா இருந்தது. கம்ப்ரஷன் டெஸ்ட் கேட்டேன், அவசியமில்லன்னுட்டார்.

ஸ்பானர்_கை:
ஆர்எக்ஸ்-8ஐ விட்டுடுங்க. நீங்க வர்றதுக்கு முன்னாடியே சூடாக்கி வச்சிருந்தா குளிர் ஸ்டார்ட்டுல வர்ற புகை, ஐட்லிங் நடுக்கம் எதுவும் தெரியாது. எந்த வண்டி பார்க்கப் போனாலும் 'நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க'ன்னு சொல்லுங்க, போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்க.

350இசட்டும் எம்எக்ஸ்-5ம் ரெண்டே சீட்டு. 350இசட் டிக்கியில குறுக்க ஒரு கம்பி வேற ஓடும், ஸ்ட்ரோலர் படுக்காது. பின்பக்கம் பார்த்து வைக்கிற குழந்தை இருக்கையை ஏர்பேக் வேலை செய்யிற முன்சீட்டுல வைக்கவே கூடாது. ஒரே வண்டின்னா இங்கேயே முடிஞ்சது.

ரெண்டு_சீட்டு:
குழந்தை இருக்குன்னா நானும் ஒத்துக்கிறேன். அப்போ டொயோட்டா 86, இல்ல அதோட இரட்டை சுபாரு பிஆர்இசட். 2012ல வந்த முதல் தலைமுறை, 2.0 லிட்டர், சுமார் 200 குதிரைத்திறன், நாலு சீட்டு.

ஸ்பானர்_கை:
நாலு சீட்டு பேருக்குத்தான். முன்சீட்டுல உயரமானவர் உட்கார்ந்தா பின்னால குழந்தையோட கால்கூட நீட்ட முடியாது, இரண்டு கதவு வழியா குனிஞ்சு தினமும் பெல்ட் மாட்டணும். இன்ஜின்ல ஒண்ணு கவனிக்கணும்: 2012-13ல கட்டின வண்டிகளுக்கு வால்வ் ஸ்பிரிங் ரீகால் (கம்பெனியே வண்டியைத் திரும்பக் கூப்பிட்டுச் சரி பண்றது) வந்தது. இன்ஜினை வெளிய எடுத்துத்தான் மாத்தணும். அந்த வேலையில சீலன்ட் பசையை அதிகமா அப்பினதால துணுக்கு உடைஞ்சு எண்ணெய் வழியை அடைச்ச இன்ஜின்களும் உண்டு. சேஸிஸ் நம்பரைக் குடுத்து ரீகால் முடிஞ்சதான்னு கேளுங்க. 2014க்குப் பின்னால உள்ளது எடுத்தா இந்தத் தலைவலி இல்ல.

இவர் நிலைமைக்கு ஐந்து கதவு ஹாட் ஹேட்ச் (வேகமான சின்னக் குடும்ப வண்டி)தான் சரி. சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட், 2012-17 தலைமுறை: 1.6 லிட்டர், டர்போ இல்ல, 136 குதிரைத்திறன், ஒரு டன்னுக்குச் சற்று மேல எடை, முன்சக்கர இழுப்பு. வளைவுல திருப்புற சுகம் அப்படியே இருக்கும், கெட்டுப்போறதுக்குன்னு பெருசா எதுவும் இல்ல. மூணு கதவுலயும் வந்திருக்கு, பார்த்து எடுங்க. இன்னும் வேகம் வேணும்னா ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ. அதுல 2008-12 இன்ஜினோட டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் திடீர்னு விட்டுடும், வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போயிடும். மாத்தின ரசீது இல்லாம தொடாதீங்க. 2013க்குப் பின்னால வந்ததுல தண்ணி பம்ப்பும் தெர்மோஸ்டாட் பெட்டியும் கசியும், கூலன்ட் அளவைப் பார்த்தாலே தெரியும்.

கணக்குப்பிள்ளை:
காசைப் பத்துப் பங்காப் பிரிங்க. ஏழுதான் வண்டிக்கு. மீதி மூணு, வாங்கின முதல் மாசத்துலயே எண்ணெய், பிரேக் ஆயில், கூலன்ட் மாத்த, குளிர்கால டயருக்கு, அப்புறம் கண்டிப்பா வர்ற ஒரு எதிர்பாராத வேலைக்கு. இன்சூரன்ஸ் இதுல சேராது, அது தனி.

புது_வரவு:
ஆர்எக்ஸ்-8காரருக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன். பக்கத்து ஊர்ல 2014 ஸ்விஃப்ட் ஸ்போர்ட் ஐந்து கதவு ஒண்ணு இருக்கு, சனிக்கிழமை பார்க்கப் போறேன். என்ன கொண்டு போகணும்?

ஸ்பானர்_கை:
டார்ச், ஒரு காந்தம், ஓபிடி ரீடர் (வண்டிக் கணினியில பதிவான பிழையைப் படிக்கிற கருவி). காந்தத்தை மெல்லிய துணியில சுத்தி மட்கார்டு ஓரம், சில் மேல வச்சுப் பாருங்க, ஒட்டலேன்னா உள்ள புட்டி அடைச்சிருக்கு. ரீடர்ல பிழை எதுவும் இல்லேன்னு வந்தா மட்டும் போதாது, வண்டி தானே செஞ்சுக்கிற சோதனைகள் முடிஞ்சதாக் காட்டுதான்னும் பாருங்க. பாதி முடியாம இருந்தா நீங்க வர்றதுக்கு முன்னால யாரோ பிழையை அழிச்சிருக்காங்க. டயர் பக்கத்துல நாலு இலக்கம் இருக்கும். 2319னு இருந்தா 2019ம் வருஷம் 23வது வாரம் செஞ்சது. நாலு டயரும் நாலு பிராண்டா இருந்தா ஓனர் மத்த வேலையையும் அப்படித்தான் பார்த்திருப்பார்.

ஓட்டும்போது ஐந்தாவது கியர்ல மெதுவாப் போயி முழுசா மிதிங்க. ஆர்பிஎம் மட்டும் எகிறி வேகம் ஏறலேன்னா கிளட்ச் தேய்ஞ்சிருக்கு, அந்த வேலைக்கான தொகையை விலையில குறைக்கச் சொல்லுங்க. வண்டி உறுதியானாலும் கண்ணாடிக்குக் கீழ, கதவுத் தூண், பதிவுப் பத்திரம் மூணுலயும் சேஸிஸ் நம்பர் ஒண்ணான்னு பார்த்து, கடன் பாக்கி இல்லேன்னு உறுதி பண்ணிட்டு அப்புறம் பணம் குடுங்க. வங்கி வழியாத்தான், ரசீதுல 'பத்திரம் சரியில்லேன்னா திருப்பித் தரப்படும்'னு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு.

வடதிசை:
வண்டி எந்தப் பக்கம் ஸ்டியரிங்ன்னு பார்த்துக்குங்க தம்பி, வெளிநாட்டுல இருந்து இறக்குமதியான ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டும் விற்பனைக்கு வரும். குழந்தை இருக்கையை எங்கயாவது கடன் வாங்கியாவது சனிக்கிழமை கூடவே எடுத்துட்டுப் போயி பின்சீட்டுல மாட்டிப் பாருங்க.