பூலாம்பட்டியில் 9.9 ஹெச்.பி. மோட்டாருக்கு எந்த புரொப்பல்லர் போடுவது?

கதவணைக்கரை:
வணக்கம். எங்களுக்குக் காவிரிக்கரையில் தோட்டம். 14 அடி ஃபைபர் படகு வைத்திருக்கிறோம். போன மாதம் கடலூர் பக்கமிருந்து 9.9 ஹெச்.பி. டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு (படகின் பின்னால் மாட்டும் மோட்டார்) ஒன்றைப் பழையதாக வாங்கினேன். நான் மட்டும் போனால் பறக்கிறது. அப்பா, அம்மா, இரண்டு கட்டு சோளத்தட்டு ஏறிவிட்டால் முக்குகிறது; படகின் மூக்கு தூக்கியபடியே நிற்கிறது. புரொப்பல்லரில் 9¼ × 11 என்று அடித்திருக்கிறது. இன்னும் பெரியதாகப் போடு என்கிறார்கள். போடலாமா?

அம்மாபேட்டை மெக்கானிக்:
தம்பி, பெரியது வேண்டவே வேண்டாம். 9¼ என்பது விட்டம், 11 என்பது பிட்ச், இரண்டும் அங்குலக் கணக்கு. மரத்தில் திருகாணி இறங்குகிற மாதிரி, ஒரு சுற்றுக்கு 11 அங்குலம் முன்னேற வேண்டும் என்று அர்த்தம். தண்ணீர் வழுக்குவதால் அவ்வளவு போகாது. ஏற்காடு ரோட்டின் 20 கொண்டை ஊசி வளைவையும் டாப் கியரிலேயே ஏறினால் வண்டி என்ன ஆகும்? உன் மோட்டார் அந்த நிலைமையில் இருக்கிறது.

வாங்குவதற்கு முன்னால் ஒன்று பார். புரொப்பல்லர் நடுவில் ரப்பர் புஷ் இருக்கும். உள்குழாயையும் வெளிக்கூட்டையும் சேர்த்து மார்க்கரில் ஒரு கோடு போட்டு, ஒரு சுற்று ஓட்டிவிட்டு வா. கோடு விலகியிருந்தால் புஷ் வழுக்குகிறது.

அது நன்றாக இருந்தால், பிளக் வயரில் சுற்றும் சின்ன டேக்கோமீட்டர் ஒன்று வாங்கு; மோட்டார் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று அது காட்டும். வழக்கமான சுமையை ஏற்றி முழு திராட்டிலில் ஓட்டு. இந்த வகை மோட்டார்களுக்குப் பெரும்பாலும் 4,500 முதல் 5,500 வரை வர வேண்டும். உன் மோட்டாரின் மேனுவலில் சரிபார்த்துக்கொள். பிட்ச் ஒரு அங்குலம் குறைந்தால் 150, 200 சுற்று கூடும். அந்த அளவுக்குக் கீழேயே முக்க விட்டால் சூடேறி பிஸ்டனுக்கு ஆபத்து. நல்ல மோட்டார் அப்படிப் போவதைப் பார்க்க எனக்கு மனசு தாங்காது.

இதை நான் ஏற்காட்டில்தான் கற்றுக்கொண்டேன். கீழே 5,200 காட்டிய மோட்டார் மேலே 4,500 தாண்டவில்லை. கார்புரேட்டரைக் கழற்றிக் கழற்றி மாட்டினேன், இரண்டு நாள் போனது. மோட்டாரில் ஒரு குறையும் இல்லை. 1,500 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்துவிடும். 300 மீட்டருக்குச் சுமார் 3 சதவீதம் வீதம் பவர் இறங்கும். பிட்ச்சை 2 அங்குலம் குறைத்தேன், சரியாகிவிட்டது. உனக்கு மலை இல்லை, சோளத்தட்டு இருக்கிறது.

மேட்டூர் மேல்கரை:
தம்பி, எங்க வீட்டுக்காரர் அணையில் வலை போடுகிறவர். எது வாங்கினாலும் அலுமினியமாகவே வாங்குங்க. தண்ணீர் இறங்கி பண்ணவாடியில் மூழ்கிக் கிடக்கும் நந்தி சிலை தலைகாட்டும் காலத்தில் எங்கே பாறை, எங்கே கட்டை என்று தெரியாது. அலுமினியம் என்றால் இறக்கை வளைவதோடு போகும். ஸ்டீல் தாங்கிவிடும், ஆனால் அடி உள்ளே கியருக்குப் போகும். அப்புறம், புரொப்பல்லரைக் கழற்றும்போது ஷாஃப்டில் நைலான் நரம்பு சுற்றியிருக்கிறதா பாருங்க. எங்களுக்கு அது ஆயில் சீல் வளையத்தை அறுத்து, தண்ணீர் உள்ளே போய், கியர் ஆயிலைத் திறந்தால் பால் டீ மாதிரி வந்தது.

கதவணைக்கரை:
அண்ணா, அக்கா, ரொம்ப நன்றி. கோடு விலகவில்லை. ஷாஃப்டில் ஒரு சாண் நரம்பு இருந்தது, எடுத்துவிட்டேன். ஆயில் சுத்தமாகத்தான் இருக்கிறது. மூன்று பேரும் சுமையுமாக 4,300தான் வந்தது. 9 பிட்ச் அலுமினியம் மாட்டினேன், ஷாஃப்டில் பொருந்தும் ஸ்ப்லைன் பற்களை எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினேன். இப்போது 4,700. மூக்கு இறங்கிவிட்டது, முன்னால் உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு அக்கரை தெரிகிறது. தனியாகப் போனால் 5,400 வருகிறது, பரவாயில்லையா?

அம்மாபேட்டை மெக்கானிக்:
மேனுவலில் 5,500 போட்டிருந்தால் சரிதான், அதைத் தாண்ட விடாதே. பழைய 11-ஐ விற்றுவிடாதே தம்பி. ஒரு ஸ்பேனர், இரண்டு ஸ்பிலிட் பின்னோடு சாக்கில் சுற்றிப் படகிலேயே வை. நடு ஆற்றில் இறக்கை போனால் அதை மாட்டிக்கொண்டு மெதுவாகக் கரை சேரலாம்.