இரைச்சல் நீக்கும் அல்காரிதம்: 0.3 டெசிபல் கூடினால் வெற்றியா?

நேர்கோடு:
படத்தில் புள்ளி புள்ளியாகப் படியும் இரைச்சலை நீக்கும் அல்காரிதத்தை மதிப்பிட, பிழையை டெசிபலில் சொல்லும் பிஎஸ்என்ஆர் (உச்ச சிக்னல்-இரைச்சல் விகிதம்) காலாவதியாகிவிட்டது, கண்ணுக்கு எது நன்றாகத் தெரிகிறதோ அதைச் சொல்லும் அளவீடு போதும் என்ற பேச்சு வலுத்துவருகிறது. நான் இதை முழுமையாக எதிர்க்கிறேன்.

பிஎஸ்என்ஆரில் ஒளிவுமறைவு கிடையாது. இரைச்சல் இல்லாத மூலப் படத்துக்கும் அல்காரிதம் தரும் விடைப் படத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிக்சல் பிக்சலாக வர்க்கப்படுத்திச் சராசரி எடுக்கிறோம். 8 பிட் படமென்றால் உச்ச மதிப்பான 255-இன் வர்க்கமான 65025-ஐ அந்தச் சராசரியால் வகுத்து, 10 அடிமான மடக்கை எடுத்து, 10-ஆல் பெருக்குகிறோம். அவ்வளவுதான். சிக்மா (திட்ட விலக்கம்) 25 உள்ள காஸியன் இரைச்சல், அதாவது மணி வடிவப் பரவலில் வரும் இரைச்சல், சேர்த்த படம் 20.17 டெசிபலில் இருக்கும். அதை ஒரு அல்காரிதம் 29 டெசிபலுக்கு ஏற்றினால், சராசரி வர்க்கப் பிழை 625-லிருந்து 82 அளவுக்கு இறங்கியிருக்கிறது என்று உடனே சொல்லிவிடலாம். இரண்டு அல்காரிதங்களுக்கு இடையே 0.3 டெசிபல் வித்தியாசம் என்றால் பிழை ஏறத்தாழ 6.7 சதவீதம் குறைவு. இந்தத் தெளிவு வேறு எந்த அளவீட்டில் இருக்கிறது?

விழித்திரை:
தெளிவா இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா அது எதைத் தெளிவாச் சொல்லுது?

ஒரு படத்துல எல்லாப் பிக்சலுக்கும் 10 கூட்டுங்க. 255-ஐத் தாண்டி வெட்டுப்படற பிக்சல் இல்லைன்னு வெச்சுக்கிட்டா பிழை சரியா 100, பிஎஸ்என்ஆர் 28.13. அதே படத்துல சிக்மா 10 இரைச்சலைத் தூவுங்க. அதுக்கும் 28.13 தான். முதல் படத்தைப் பார்க்கறவங்க லேசா வெளிச்சம் கூடினதுன்னு நினைப்பாங்க. ரெண்டாவது படத்துல வானம் பூரா புள்ளி புள்ளியா இருக்கும். ரெண்டுக்கும் ஒரே மதிப்பெண் போடற அளவீட்டை வெச்சு தரவரிசை போட முடியுமா?

இன்னும் பெரிய சிக்கல் இருக்கு. சராசரி வர்க்கப் பிழையைக் குறைக்கிற விடை எதுன்னா, இரைச்சல் படத்தோட ஒத்துப்போகக்கூடிய எல்லாப் படங்களோட எடையிட்ட சராசரி. புல்வெளியில புல் எந்தப் பக்கம் சாயுதுன்னு தெரியலைன்னா, எல்லாச் சாய்வையும் சராசரி எடுத்த பச்சைக் குழம்புதான் அதிக பிஎஸ்என்ஆர் வாங்கும். மங்கலாக்கறதுக்கே பரிசு கொடுக்கறோம். 2018-ல ஆய்வாளர்கள் யோகாய் பிளாவ், தோமர் மிகேலி ரெண்டு பேரும் இதைக் கணிதமாவே நிறுவிட்டாங்க. ஒரு எல்லைக்கு மேல பிழையைக் குறைக்கப் போனா, விடைப் படங்கள் நிஜப் படங்களோட புள்ளியியல்லருந்து விலகித்தான் ஆகணும். அல்காரிதம் எழுதறவர் எவ்வளவு கெட்டிக்காரரா இருந்தாலும் இதுலருந்து தப்ப முடியாது.

நேர்கோடு:
அந்த முடிவு இரண்டு பக்கமும் வெட்டும். நிஜம்போல் தெரிய வைக்கப் போனால் பிழை கூடும் என்பதும் அதே தேற்றம்தான். புல் சாய்ந்த திசையை நரம்பியல் நெட்வொர்க் கற்பனை செய்தால் பாதகமில்லை. நுண்ணோக்கிப் படத்தில் இல்லாத செல் சுவரையோ, எக்ஸ்ரேயில் இல்லாத கீறலையோ அது வரைந்தால்? அங்கே மங்கலான விடைதான் நேர்மையான விடை. தகவல் இல்லை என்பதை அது அப்படியே காட்டுகிறது.

சரி, மாற்றாக எதை வைக்கிறீர்கள்? 2004-இல் வந்த, படங்களின் அமைப்பு ஒற்றுமையை அளக்கும் எஸ்எஸ்ஐஎம்மா? மூலக் கட்டுரையில் 11க்கு 11 பிக்சல் காஸியன் சாளரம் (நடுவுக்கு அதிக எடை), சிக்மா 1.5, மாறிலிகள் 0.01, 0.03 என்று திட்டவட்டமாக இருக்கிறது. ஆனால் பைத்தானில் பலரும் எடுக்கும் சைகிட்-இமேஜ் லைப்ரரியில், எதையும் மாற்றாமல் கூப்பிட்டால் 7க்கு 7 சீரான சாளரம் ஓடும். மூலக் கட்டுரையோடு பொருந்த வேண்டுமானால் காஸியன் எடையை இயக்கி, சிக்மாவை 1.5 ஆக்கி, மாதிரி இணைமாறுபாட்டை நிறுத்த வேண்டும். இதைக் குறிப்பிடாமல் மூன்றாம் தசம இடத்தில் வெற்றி கொண்டாடும் அட்டவணைகள் ஏராளம். நெட்வொர்க்கை வைத்துக் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசத்தை அளக்கும் எல்பிஐபிஎஸ் என்றால், உள்ளே இருக்கும் நெட்வொர்க் அலெக்ஸ்நெட்டா விஜிஜியா என்பதைப் பொறுத்து எண்ணே மாறுகிறது.

விழித்திரை:
அமைப்பைச் சொல்லாம எண் போடறது தப்புதான். ஆனா பிஎஸ்என்ஆருக்கு அந்த நோய் வராதுங்கறீங்களே, அதைத்தான் ஏற்க முடியாது. நாலு இடம் சொல்றேன், முதல் மூணும் 0.3 டெசிபலை விட பெரிசு.

படத்தை 0 முதல் 1 வரைக்கும் மிதவைப் புள்ளியா வெச்சுட்டு, லைப்ரரி வீச்சை -1 முதல் 1 வரைன்னு எடுத்துக்கிட்டா, உச்ச மதிப்பு இரட்டிச்சு 6.02 டெசிபல் சும்மாவே கூடும். வீச்சை நாமளே கைப்பட கொடுக்கணும்.

அடுத்தது, ஒளிர்வுச் சேனல்ல மட்டும் அளக்கறது. சாம்பல் படத்தை 16 முதல் 235 வரைக்குமான வீச்சுக்குள்ள சுருக்கிட்டு உச்சத்தை மட்டும் 255-னே விட்டா, பிழை சுருங்கி 1.32 டெசிபல் கூடும். படத்துல ஒரு மாற்றமும் இல்லை.

மூணாவது சராசரி. ஒரு படம் 40, இன்னொண்ணு 20 டெசிபல்னா, டெசிபலைச் சராசரி எடுத்தா 30. பிழைகளை முதல்ல சராசரி எடுத்துட்டு டெசிபலுக்கு மாத்தினா 22.97. ரெண்டுமே "சராசரி பிஎஸ்என்ஆர்"னு ஒரே பேர்ல அச்சாகுது.

கடைசியா ஓரம். ஓரப் பிக்சல்களை வெட்டிட்டு அளந்ததா, சேர்த்து அளந்ததா? படத்தைப் பெரிசாக்கற சூப்பர் ரெசல்யூஷன்ல பெருக்க மடங்கு அளவுக்கு ஓரத்தை வெட்டறது வழக்கம். இரைச்சல் நீக்கத்துல ஆளுக்கு ஒரு மாதிரி.

விடையை முழு எண்ணா மாத்தி 0-255க்குள்ள நிறுத்தினப்புறம் அளந்தாங்களா, அதுக்கு முன்னாடியாங்கறது வேற இருக்கு.

மூலத்தரவு:
இரண்டு பேருமே காஸியன் இரைச்சலை மூலப் படத்தில் கூட்டிவிட்டுத்தான் பேசுகிறீர்கள். எனக்கு உறுத்துவது அங்கேதான்.

கேமரா சென்சாரில் இரைச்சல் சிக்னலைப் பொறுத்தது. ஃபோட்டான் எண்ணிக்கையால் வருவது பாய்சான் பரவலிலான இரைச்சல், அதன் மேல் சென்சாரை வாசிக்கும் மின்சுற்றின் இரைச்சல். ஆகவே மாறுபாடு, பிரகாசத்தோடு நேர்கோடாக ஏறும் ஒரு பகுதியும் மாறாத ஒரு பகுதியும் சேர்ந்தது. ஒவ்வொரு பிக்சலிலும் விடுபட்ட நிறங்களைச் சுற்றியுள்ளவற்றிலிருந்து நிரப்பும் டிமொசைக் செய்தபின் பக்கத்துப் பிக்சல்களின் இரைச்சல் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கிறது. பிரகாசத்தை மாற்றியமைக்கும் டோன் வளைவும் ஜேபெக்கும் போட்டபின் அது காஸியனே இல்லை. சார்பற்ற காஸியனுக்குப் பயிற்சி எடுத்த நெட்வொர்க், இந்தப் பின்னிய திட்டுகளைப் படத்தின் அமைப்பு என்று நம்பி அப்படியே விட்டுவிடும். 2017-இல் நிஜப் புகைப்படங்களை வைத்து வெளியான டிஎன்டி என்ற பொதுச் சோதனைத் தொகுப்பில், செயற்கை இரைச்சலில் முன்னணியில் இருந்த பல புதிய முறைகளை 2007-இல் வந்த, நெட்வொர்க் இல்லாத பிஎம்3டி முறை முந்தியது. செயற்கைச் சோதனையின் 0.3 டெசிபலை எடுத்துக்கொண்டு நிஜப் படத்துக்கு வராதீர்கள்.

நிஜப் படத்துக்கு மூலப் படம் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். முக்காலியில் கேமராவை நிறுத்தி, அசையாத காட்சியைப் பல ஃபிரேம் எடுத்துச் சராசரி காண்பது எளிய வழி. எத்தனை ஃபிரேம் என்பதுதான் உயிர்நாடி. சிக்மா 25 இருக்கும் இடத்தில் 16 ஃபிரேம் சராசரி எடுத்தால் மிச்சம் 6.25. அப்படியானால் மூலப் படத்திலேயே 39 அளவு பிழை இருக்கிறது. குறையே இல்லாத விடைக்குக்கூட 32.2 டெசிபலுக்கு மேல் கிடைக்காது. உண்மையில் 32 டெசிபல் தகுதியுள்ள அல்காரிதம் 29.1 என்று காட்டும். 100 ஃபிரேமுக்குப் போனால் மிச்ச சிக்மா 2.5.

சோதனைக்குக் கொடுக்கும் ஃபிரேமை அந்தச் சராசரியில் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் மூலப் படத்தின் மிச்ச இரைச்சலும் சோதனைப் படத்தின் இரைச்சலும் உறவாகிவிடும், குறைவாக நீக்கும் அல்காரிதத்துக்குச் சலுகை கிடைக்கும். ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒரே இடத்தில் வரும் நிலையான வடிவ இரைச்சல் எத்தனை ஃபிரேம் எடுத்தாலும் சராசரியில் போகாது. மூடியைப் போட்டு, அதே வெளிப்பாட்டு நேரத்தில், அதே வெப்பநிலையில் இருட்டு ஃபிரேம்கள் எடுத்துக் கழிக்க வேண்டும். எல்இடி விளக்கு மினுமினுத்தால் ஃபிரேமுக்கு ஃபிரேம் பிரகாசம் மாறும், அதைச் சரிசெய்யாமல் சராசரி எடுத்தால் பயனில்லை. முக்காலி அரைப் பிக்சல் நகர்ந்தாலும் விளிம்புகள் மங்கும், பிறகு மங்கலாக்கும் அல்காரிதம்தான் வெல்லும்.

நேர்கோடு:
மூலத்தரவு சொல்வதை முழுவதும் ஏற்கிறேன். ஆனால் கவனியுங்கள், 32.2 என்ற உச்சவரம்பை அவரால் ஒரே வரியில் கணக்கிட முடிந்தது பிஎஸ்என்ஆர் என்பதால்தான். மூலப் படத்தின் மிச்ச இரைச்சல் எல்பிஐபிஎஸ்ஸை எவ்வளவு இழுக்கும் என்று யாராவது இப்படிக் கையால் எழுதிக்காட்டுங்கள்.

சில்லுமேசை:
தரம் பற்றியே பேசிட்டிருக்கீங்க. ஓடுமா ஓடாதான்னு யாரும் கேக்கல.

இரைச்சல் நீக்கற டிஎன்சிஎன்என் மாதிரி ஒரு எளிய நெட்வொர்க்கையே எடுங்க. 17 அடுக்கு, நடுவுல 64 சேனல், சாம்பல் படத்துக்குச் சுமார் 5.5 லட்சம் எடைகள் (பயிற்சியில கத்துக்கிட்ட எண்கள்). சின்னதுன்னு தோணும். ஆனா ஒவ்வொரு எடையும் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு தடவை பெருக்கப்படுது. 1920க்கு 1080 ஃபிரேம்ல 20,73,600 பிக்சல். ஒரு ஃபிரேமுக்கு 1.15 லட்சம் கோடி பெருக்கிக்கூட்டல். விநாடிக்கு 30 ஃபிரேம்னா 34 லட்சம் கோடிக்கு மேல. ஒரு இடை அடுக்கோட விடையை 32 பிட் மிதவைப் புள்ளியில வெச்சா 531 மெகாபைட். சில்லுக்குள்ள இருக்கிற நினைவகத்துல இது நிக்காது. வெளி நினைவகத்துக்குப் போய் வரும், மின்சாரம் அங்கேதான் கரையும். ஃபிரேமைத் துண்டு துண்டாக் கொடுத்தா நினைவகம் குறையும். ஆனா 17 அடுக்குக்கு ஒவ்வொரு பக்கமும் 17 பிக்சல் ஓரம் சேர்த்துக் கணக்கிடணும், இல்லைன்னா துண்டுகளோட தையல் தெரியும்.

நேரம் அளக்கறதுலயும் குளறுபடி அதிகம். ஜிபியூவுக்கு வேலையைக் கொடுத்ததும் ஃபங்ஷன் உடனே திரும்பிடும், வேலை பின்னாடி ஓடிக்கிட்டிருக்கும். ஒத்திசைக்காம கடிகாரத்தை நிறுத்தினா, வேலையை ஒப்படைச்ச நேரம்தான் கிடைக்கும். கடிகாரத்தைத் தொடங்கறதுக்கு முன்னாடியும் நிறுத்தறதுக்கு முன்னாடியும் ஒத்திசைக்கணும். முதல் சில ஓட்டத்துல நினைவக ஒதுக்கீடும் கெர்னல் (ஜிபியூ நிரல்) தேர்வும் கலந்திருக்கும், அதைக் கழிச்சிடுங்க. சிபியூவோட அதிர்வெண்ணை நிலைப்படுத்துங்க. கையடக்கக் கருவின்னா 10 நிமிஷமாவது விடாம ஓட்டுங்க, சூடேறி வேகம் குறைஞ்ச பிறகு வர்ற எண்தான் நிஜம்.

சராசரி மட்டும் போடாதீங்க. 30 ஃபிரேமுக்குக் கெடு 33.3 மில்லிவிநாடி. சராசரி 28-ஆ இருந்தும் 99-ஆம் சதமானம் 41-ஆ இருந்தா, நூத்துல ஒரு ஃபிரேமாவது கெடுவைத் தாண்டுது. மூணு விநாடிக்கொரு தடவை வீடியோ உதறும்.

நேர்கோடு:
தரமும் நேரமும் தனித்தனி அச்சுகள். எண்களை அட்டவணையில் பக்கத்தில் போடுங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் உங்கள் பலகையில் வந்த மில்லிவிநாடி என் பலகைக்குப் பொருந்தாது. பெருக்கிக்கூட்டல் எண்ணிக்கை எங்கும் மாறாதது, ஒப்பீட்டுக்கு அதுவே நல்லது.

சில்லுமேசை:
மாறாததுதான், ஆனா நேரத்தைச் சொல்லாது. நெட்வொர்க்கோட அடிப்படைக் கணக்கான கன்வல்யூஷனைச் சேனல் வாரியாப் பிரிச்சா பெருக்கிக்கூட்டல் பல மடங்கு குறையும். நேரம் அந்த அளவுக்குக் குறையாது, ஏன்னா அங்கே தடை நினைவகப் போக்குவரத்து. எண்ணிக்கை பாதியானா நேரமும் பாதின்னு எடுத்துக்கிட்டா திட்டமே கவிழும்.

தனித்தனி அச்சுங்கறதும் சரியில்லை. கருவியில ஓடறது 8 பிட் முழு எண்ணாச் சுருக்கின பதிப்பு. அட்டவணையில இருக்கிற பிஎஸ்என்ஆர் 32 பிட் பதிப்போடது. சுருக்கும்போது எவ்வளவு போச்சுன்னு அதே பதிப்புல அளக்கணும். 0.3 டெசிபல் முன்னிலை அந்தச் சுருக்கத்துலயே காணாமப் போகலாம். தரமும் நேரமும் ஒரே பைனரியில அளந்ததா இருக்கணும், இல்லைன்னா அந்த வரியை அட்டவணையிலருந்து எடுத்துடணும்.

மூலத்தரவு:
அந்த 0.3-க்கே திரும்புகிறேன். எத்தனை படத்தில் அளந்தது? 12 படத் தொகுப்பில் 11 படங்களில் சமமாக இருந்து ஒன்றில் மட்டும் 3.6 டெசிபல் முந்தினாலும் சராசரி 0.3 என்றுதான் வரும். கோடு போட்ட துணி மாதிரி ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வரும் படத்தில், ஒத்த துண்டுகளைத் தேடிச் சேர்க்கும் பிஎம்3டி வகை முறைகளுக்கு இயல்பாகவே பலம் உண்டு. அப்படி ஒரு படம் தொகுப்பில் இருக்கிறதா இல்லையா என்பதே தரவரிசையைப் புரட்டிவிடும். ஆகவே படம்வாரியாக வித்தியாசத்தை எழுதி, முன்னிலை தற்செயலா என்று பார்க்கும் இணைச் சோதனை செய்யுங்கள். வில்காக்ஸன் குறியிட்ட தரவரிசைச் சோதனை போதும். இரண்டு அல்காரிதத்துக்கும் அதே ரேண்டம் சீட் (இரைச்சலை உருவாக்கும் தொடக்க எண்), அதே இரைச்சல் படம். இரைச்சல் சேர்த்தபின் 8 பிட்டுக்கு வெட்டினீர்களா என்பதையும் எழுதுங்கள். சிக்மா 50-இல் வெட்டினால் இருண்ட பகுதியின் சராசரியே மேலே ஏறிவிடும்.

விழித்திரை:
இதெல்லாம் செஞ்சாலும் என் முதல் கேள்வி அப்படியே நிக்குது. மனுஷங்க பார்க்கப்போற படத்துக்குக் கடைசித் தீர்ப்பு மனுஷக் கண்தான். ரெண்டு விடையையும் பேர் இல்லாம, இடம்வலம் மாத்தி மாத்திக் காட்டி, எது மூலப் படத்துக்கு நெருக்கம்னு கேளுங்க. தனித்தனி 100 பேர்கிட்ட ஆளுக்கு ஒரு தீர்ப்புன்னு வாங்கினா, ஒண்ணுக்கு 61 கிடைச்சாத்தான் இருபக்கப் புள்ளியியல் சோதனையில, தற்செயல் இல்லைன்னு ஏத்துக்கற 5 சதவீத எல்லையைத் தாண்டும். 60-ஆ இருந்தா தாண்டாது. திரையோட பிரகாசமும் பார்க்கற தூரமும் எல்லாருக்கும் ஒண்ணா இருக்கணும். 0.3 டெசிபல் கூடின அல்காரிதம் இதுல தோத்தா, நான் தோத்ததைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

நேர்கோடு:
புகைப்படச் செயலிக்கு அந்தச் சோதனையை ஏற்கிறேன். "மூலப் படத்துக்கு நெருக்கம்" என்று கேட்கிறீர்களே, அது சரியான கேள்வி. பலர் "எது அழகு" என்று கேட்டுவிடுகிறார்கள். ஆனால் படத்தை மனிதர் பார்க்காமல் அளவெடுக்கும் மென்பொருள் வாசிக்கும் இடத்தில், நட்சத்திரத்தின் பிரகாசமோ பற்றவைப்பின் விரிசல் நீளமோ கணக்கிடும் இடத்தில், 100 பேரின் வாக்கு எனக்கு வேண்டாம். அங்கே பிழையைப் பிரகாச வாரியாகப் பிரித்து, சாய்வு (ஒரே பக்கமாக விலகும் பிழை) எவ்வளவு, சிதறல் (இங்கும் அங்கும் அலையும் பிழை) எவ்வளவு என்று தனித்தனியாகக் கொடுங்கள். அதை இந்த இழையில் இதுவரை யாரும் கேட்கவில்லை.

விழித்திரை:
அப்போ நீங்க கேக்கறதும் ஒத்தை பிஎஸ்என்ஆர் எண் இல்லை. அந்த 10 கூட்டின படம் பூரா சாய்வு, சிக்மா 10 படம் பூரா சிதறல். பிரிச்சுக் கொடுத்தா ரெண்டும் வேற வேறன்னு தெரியும். 28.13-ங்கற ஒரே எண்ணுல தெரியாது.