மாமியோடு பார்த்த போலா ரேகோ

நேரில் நின்று பார்த்த ஓவியம் எதையாவது சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு அது 2021 கோடை. லண்டன் டேட் பிரிட்டன் கலைக்கூடத்தில் ஓவியர் போலா ரேகோவின் பெரிய கண்காட்சி நடந்தது. தனியாகப் போவதாகத்தான் இருந்தேன். கொரோனாவால் ஒன்றரை வருடம் வீட்டுக்குள்ளேயே இருந்த மாமி, "நானும் வாறன் பிள்ளை, எங்கையெண்டாலும் பரவாயில்லை" என்று வெளிக்கிட்டுவிட்டார். மாமிக்கு அப்போது 72 வயது. படக் கண்காட்சி என்றால் பூவும் ஆறும் மலையும் இருக்கும் என்று நினைத்திருப்பார். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பிம்லிகோவில் இறங்கி நடக்கும்போதே வயிற்றைக் கலக்கியது.

ரேகோ 1935இல் லிஸ்பனில் பிறந்தவர். அப்போது போர்த்துக்கல்லில் சலசாரின் சர்வாதிகாரம். பெண் என்றால் வீடு, தேவாலயம், புருஷன், அவ்வளவுதான். இந்த நாடு பெண்களுக்கு உகந்ததில்லை என்று சொல்லி அவரை இங்கிலாந்துக்கு அனுப்பியது தகப்பன்தான். ஸ்லேட் கலைக் கல்லூரியில் படித்தார். பல வருடம் வேறு விதமாக வரைந்துவிட்டு 59 வயதில், 1994இல், பாஸ்டல் குச்சியைக் கையில் எடுத்து 'நாய்ப் பெண்' என்ற வரிசையைத் தொடங்கினார்.

பாஸ்டல் என்பது நிறப்பொடியை அழுத்திச் செய்த குச்சி. நடுவில் தூரிகை கிடையாது, கை நேரடியாகவே உரசுகிறது. படத்துக்குக் கிட்டப் போனால் தொடையிலும் கெண்டைக்காலிலும் கோடு கோடாக அழுத்தம் தெரியும். பெண்ணுடலை வழவழவென்று வரைந்துதான் நாம் பார்த்துப் பழகியிருக்கிறோம். இங்கே பாரம் இருக்கிறது. தடித்த கால், இறுகிய தாடை, தரையில் ஊன்றிய கை. குந்தியிருந்து வாயைத் திறந்து உறுமுகிறாள் ஒருத்தி. சாப்பாட்டுக்குக் காத்திருக்கிறாள் இன்னொருத்தி. கேவலப்படுத்துவதற்காக அவர் பெண்ணை நாயாக்கவில்லை. பசி, கோபம், உறக்கம், ஆசை என்று உடம்புக்கு வேண்டியதை உடம்பே கேட்கிறது. அடக்கமாக இரு என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதைப் பார்க்க எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மாமி முதலில் நின்றது 'மணமகள்' முன்னால். வெள்ளைக் கலியாண உடுப்போடு ஒரு பெண், வயிற்றைக் காட்டிக்கொண்டு மல்லாந்து கிடக்கும் நாய்போலக் கிடக்கிறாள். நான் பேச்சை மாற்ற எதையாவது தேடிக்கொண்டிருந்தேன். மாமி முகக்கவசத்தைச் சற்றே கீழே இழுத்துவிட்டு என் காதருகே சொன்னார்: "கூறை உடுத்த அண்டைக்கு நானும் உப்பிடித்தான் கிடந்தனான்."

பதினைந்து வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். இப்படி ஒரு வசனம் மாமியின் வாயிலிருந்து வரும் என்று நான் நினைத்ததில்லை.

அந்த வரிசையிலேயே இன்னொரு படம். ஆணின் மேற்சட்டையைத் தரையில் விரித்து, அதன்மேல் படுத்து உறங்குகிறாள் ஒருத்தி. அவனைப் படத்தில் காணவில்லை, சட்டை மட்டும்தான். மாமி அங்கே வெகுநேரம் நின்றார். கால் நோகுமே, இருக்கலாமே என்று கேட்டேன். கேட்டதாகவே தெரியவில்லை. பிறகு தானாகவே சொன்னார். "மாமா சவூதிக்குப் போன புதுசில அவற்ற சேட்டைத் தலகாணிக்குக் கீழ வைச்சுக்கொண்டுதான் படுக்கிறனான். தோய்க்கேல்லை. தோய்ச்சா மணம் போயிடும்." நாலு வருடம். அப்போது மாமிக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. புருஷன் வெளிநாட்டில் இருக்கும் பெண் பூ வைத்தாலே ஊர் கதைக்கும் காலம். அந்தச் சட்டை விஷயம் பெற்ற பிள்ளைகளுக்கே தெரியாது. எழுதட்டுமா என்று கேட்டேன், பெயர் போடாமல் எழுது என்றார்.

அடுத்து கருக்கலைப்புப் படங்கள். கருக்கலைப்பைச் சட்டப்படி அனுமதிக்கலாமா என்று 1998இல் போர்த்துக்கல்லில் ஒரு பொதுவாக்கெடுப்பு வைத்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே போய் வாக்களித்தார்கள், 'வேண்டாம்' என்பது மயிரிழையில் வென்றது. பெண்களே போகவில்லையே என்ற ஆத்திரத்தில் ரேகோ வரைந்தவை இவை. தானும் மாணவியாக இருந்தபோது அதைக் கடந்தவள் என்று அவர் ஒளிக்காமல் சொன்னவர். படத்தில் ரத்தமே இல்லை. கட்டில், வாளி, பள்ளிச் சீருடையோடு ஒரு பெட்டை. சிலர் நேரே நம்மைப் பார்க்கிறார்கள், இரக்கம் கேட்கிற பார்வை இல்லை அது. 2007இல் மறுபடி வாக்கெடுப்பு வந்து சட்டம் மாறியது. இந்தப் படங்களுக்கும் அதில் பங்கு உண்டு என்று அங்கே பேசுகிறார்கள், நானும் அதை நம்புகிறேன். மாமி வாளியைப் பார்த்தார். "எங்கட ஒழுங்கையிலயும் ஒரு பெட்டை..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். இலங்கையில் தாயின் உயிரைக் காப்பாற்ற என்றால் தவிர இன்றுவரை அது குற்றம். நான் மேலே கேட்கவில்லை.

திரும்பி வரும்போது ரயிலில் கேட்டார், "உதைக் கீறினவ இன்னும் உயிரோட இருக்கிறாவோ?" ஓம், 86 வயது, லண்டனில்தான் இருக்கிறார் என்றேன். "அப்ப அவவுக்கு ஒரு கடிதம் போடேலாதோ?" போடலாம் மாமி என்றேன். என்ன எழுதுவது என்று இரண்டு மூன்று முறை கதைத்தோம். வேலை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று நாள் போய்விட்டது.

அடுத்த வருடம் ஜூன் 8ஆம் தேதி ரேகோ இறந்துபோனார். செய்தியைச் சொன்னபோது மாமி குசினியில் வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தார். கை நின்றது.

"பிள்ளையள் இருக்கினமோ?"

மூன்று பேர் என்றேன்.

"ம்" என்றார். எண்ணெய் பூசிய விரலால் அடுத்த மடலைக் கழற்றினார்.