இடிதாங்கி எர்த் ஒரு பக்கம் மட்டும் 38 ஓம்?

கேள்வி: எங்கள் ஐந்து மாடிக் குடியிருப்புக்கு நான்தான் செயலாளர். ஐப்பசி மழைக்கு முன் இடிதாங்கியைச் சோதித்தோம். மின்னலை மண்ணில் இறக்கும் எர்த் குழிகளின் மின்தடை: கிழக்கு 6 ஓம், மேற்கு 38 (குறைவாக இருந்தால்தான் நல்லது). வந்தவர் குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி மறுபடி அளந்து, 9 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். நம்பலாமா?

பதில் 1: அண்ணே, அது தண்ணீரின் அளவு! காய்ந்த மண்ணில் வருவதுதான் கணக்கு. நான் சித்திரையில்தான் அளப்பேன்.

பதில் 2: 38 காட்டியதால் டெஸ்ட் கிளாம்பை (ஒரு குழியை மற்றதிலிருந்து பிரித்து அளக்க உதவும் இணைப்பு) கழற்றித்தான் அளந்திருக்கிறார், அது சரி. கழற்றாவிட்டால் இரண்டும் சேர்ந்து 5 ஓம் சொச்சம் காட்டி, கோளாறு மறைந்திருக்கும். 10 ஓம் என்பது மொத்த அமைப்புக்கான வரம்பு, அதில் தேறுகிறீர்கள். ஆனால் ஒரே மண்ணில் இவ்வளவு வித்தியாசமா? இணைப்பைத் தோண்டிப் பாருங்கள். செம்புப் பட்டையை ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயில் நேராக முடுக்கியிருந்தால் இரும்பு அரித்திருக்கும். மேகம் கூடினால் கை வைக்காதீர்கள்.

கேட்டவர்: தோண்டினோம். போல்ட் துருப்பொடியாக உதிர்ந்தது. செம்பும் இரும்பும் நேராகத் தொடாதபடி இணைக்கும் ஈருலோகக் கிளாம்ப் போட்டதும், தண்ணீர் ஊற்றாமலே 7.