சிக்கலமைவு அறிவியலால் சமூகவியலுக்கு என்ன கிடைக்கிறது?

கேள்வி:
நான் சமூகவியல் முதுகலை மாணவி. பலர் தத்தம் எளிய விதிப்படி நடக்கும்போது மொத்தத்தில் என்ன ஒழுங்கு உருவாகிறது என்று ஆராய்வதுதானே சிக்கலமைவு அறிவியல்; அதற்காக, பொருளியலாளர் தாமஸ் ஷெல்லிங் 1971இல் வெளியிட்ட குடியிருப்புப் பிரிவினை மாதிரியைப் படித்தேன். அண்டை வீட்டாரில் மூன்றில் ஒரு பங்கினர் தம் இனத்தவராக இருந்தாலே போதும் என்று நினைக்கும் மனிதர்கள்கூட, கட்டம் போட்ட பலகையில் இடம் மாற மாற, தனித்தனிப் பகுதிகளாகப் பிரிந்துவிடுகிறார்கள். சிகாகோவின் கறுப்பினக் குடியிருப்புகளும் இப்படித்தான் உருவாயின என்று சொல்லலாமா? அதிகாரத்துக்கு அந்தப் பலகையில் இடமே இல்லையே!

பதில் 1:
சொல்லக் கூடாது. கறுப்பினத்தவருக்கு வீடு விற்பதைத் தடுத்த ஒப்பந்தங்களை அமெரிக்க நீதிமன்றங்கள் 1948 வரை செயல்படுத்தி வந்தன. ஷெல்லிங் காட்டுவது வேறு: அத்தகைய தடைகளை நீக்கிய பிறகும் பிரிவினை தானாகக் கரைந்துவிடாமல் போகலாம்.

பதில் 2:
பாலித் தீவின் ஆய்வையும் பாருங்கள். சிக்கலமைவு அறிவியல் சமூகவியலுக்குப் பயன்படும் என்பதற்கு எனக்கு அதுவே சிறந்த சான்று. அங்கே நெல் விவசாயிகள் 'சுபக்' எனப்படும் பாசனச் சங்கங்களாக இயங்குகிறார்கள்; யார் எப்போது நடுவது என்பதை நீர்க் கோயில்களில் கூடி முடிவு செய்வார்கள். 1970களில் பசுமைப் புரட்சிக்காக அந்த முறையைக் கைவிட்டு இடைவிடாமல் நடச் சொன்னபோது, தண்ணீர்த் தட்டுப்பாடும், நெற்பயிரைக் கெடுக்கும் புகையான் பூச்சியின் தாக்குதலும் சேர்ந்தே வந்தன. அறுவடைக்குப் பின் எல்லா வயல்களையும் ஒன்றாகக் காயப்போட்டால் பூச்சிக்கு இரை கிடைக்காது. ஆனால் எல்லோரும் ஒன்றாக நட்டால் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாது. மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங்கும் சூழலியலாளர் ஜேம்ஸ் கிரெமரும் 172 சுபக்குகளைக் கணினியில் அமைத்து, விளைச்சல் கூடுதலாகக் கண்ட அண்டைச் சங்கத்தைப் பின்பற்றி ஒவ்வொன்றும் தன் நடவுக் காலத்தை மாற்றிக்கொள்ளட்டும் என்று விட்டபோது, மேலிருந்து யாரும் திட்டமிடாமலேயே கோயில் வலையமைப்பை ஒத்த ஒழுங்கு உருவாயிற்று (1993). லான்சிங் பல ஆண்டுகள் அங்கே களப்பணி செய்திராவிட்டால், எந்த விதியைக் கணினிக்குக் கொடுப்பது என்றே தெரிந்திருக்காது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. தண்ணீர் முதலில் பாயும் தலைமடைக்காரர் ஏன் இதற்கு உடன்பட வேண்டும்? பூச்சி பயம் நீங்கிவிட்டால் அவர் விலகிவிடுவாரா?

பதில் 2:
மாதிரியின்படி விலகவே செய்வார். கடைமடைக்காரர் வேறு காலத்தில் நட்டால் அங்கிருந்து பூச்சி தம் வயலுக்கு ஏறும் என்ற அச்சம்தான் அவரைத் தண்ணீரைப் பகிரச் செய்கிறது. ஆனால் ஒவ்வொரு சுபக்கையும் ஒரே மனம் கொண்ட அலகாகவே அது கொள்கிறது. நில உடைமையாளருக்கும் குத்தகைதாரருக்கும் இடையே சங்கத்துக்குள் நடப்பதை அறிய, நீங்கள் வரப்பில் இறங்கித்தான் விசாரிக்க வேண்டும்.