0 டிகிரி ஸ்லீப்பிங் பேக்கில் 4 டிகிரிக்கே நடுங்கினேன், அடுத்து என்ன வாங்கலாம்?

கேள்வி:
கிராம் கிராமாக எடை பார்த்து மூட்டை கட்டுகிற ஆள் நான். டூத் பிரஷ் காம்பைக்கூட பாதியாக நறுக்கியிருக்கிறேன், சிரிக்காதீர்கள். என்னிடம் இருப்பது 750 கிராம் டவுன் பேக், அதாவது பறவைத் தூவி அடைத்தது. உறையில் 0 டிகிரி என்று போட்டிருக்கிறது. போன வாரம் மலையில் இரவு 4 டிகிரிதான். இரண்டு மணிக்கு விழித்தவன் விடியும்வரை கண் மூடவில்லை. மைனஸ் 10 பேக் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், 1.3 கிலோ. எடையை நினைத்தால் மனசு வரவில்லை. வேறு வழி உண்டா?

பதில் 1:
அந்த 0 எந்த 0 என்று முதலில் பாருங்கள். ஸ்லீப்பிங் பேக்குகளுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 23537 முறையில் சோதித்த பேக் என்றால் கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம் என்று மூன்று எண்கள் இருக்கும். கொட்டை எழுத்தில் போடுவது பல சமயம் லிமிட். சுருண்டு படுத்து ராத்திரியை ஓட்டுகிற கணக்கு அது. நிம்மதியாகத் தூங்க கம்ஃபர்ட் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். லிமிட்டைவிடப் பெரும்பாலும் 5, 6 டிகிரி கூடுதலாக இருக்கும். எக்ஸ்ட்ரீம் பக்கமே போக வேண்டாம், அது உயிர் பிழைக்க.

பதில் 2:
அது சரி. ஆனால் உடம்பில் எங்கே குளிர்ந்தது? கீழே என்ன மேட்?

கேட்டவர்:
இடுப்பும் தோளும்தான். வயிற்றுப் பக்கம் கதகதப்பாகவே இருந்தது. குப்புறப் புரண்டால் முதுகு தேறும், முட்டி சில்லிடும். காற்று ஊதும் மேட், ஆர் மதிப்பு (சூடு வெளியேறாமல் தடுக்கும் திறன்) 1.3.

பதில் 2:
அப்போ பேக்கைத் திட்டிப் பயனில்லை. டவுன் தானாகச் சூடு தராது. தூவிகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்றுதான் சூட்டைக் காக்கிறது. நீங்கள் படுத்ததும் அடியில் உள்ள தூவி நசுங்கி, காற்று போய்விடும். மைனஸ் 10 பேக்கிலும் இதே கதைதான். தரைக்கும் உங்களுக்கும் நடுவே காப்பு மேட் மட்டுமே. மடக்கும் ஃபோம் மேட் ஒன்றைப் பாதியாக வெட்டி இதோடு சேர்த்துப் போடுங்கள். 200 கிராம் ஆகும். ஆர் மதிப்புகள் கூடும்: 1.3 உடன் ஃபோமின் 2 சேர்ந்தால் 3.3. பேக்கை மாற்றினால் 550 கிராம் ஏறும், கணக்கு உங்களுக்கே தெரியும்.

பதில் 3:
இன்னொன்று. குளிருக்குப் பயந்து முகத்தை உள்ளே புதைத்தீர்களா? மூச்சின் ஈரம் தூவியில் இறங்கினால் அதன் உப்பல் அடங்கிவிடும். மூக்கும் வாயும் வெளியே இருக்கட்டும், தலைக்குக் குல்லாய் போதும். ஓயாத மழையில் போவதாக இருந்தால் செயற்கை இழை பேக்கைச் சொல்வேன். கனம்தான், ஆனால் நனைந்தாலும் கொஞ்சம் காக்கும். அப்புறம், வீட்டில் அமுக்கிக் கட்டி வைக்காதீர்கள், தளர்வாக விடுங்கள்.

கேட்டவர்:
முகத்தைப் புதைத்தேன், ஆமாம். கம்ஃபர்ட் எண்ணையும் தேடிப் பார்த்தேன்: 5.

கேட்டவர் (பத்து நாள் கழித்து):
ஃபோமை வெட்டி, அதே பேக்கோடு போய் வந்தேன். இரவு 5 டிகிரி. ஒரே தூக்கம். பாதி மேட் என்பதால் காலுக்கு எட்டவில்லை. காலியான முதுகுப்பையை அடியில் விரித்துக்கொண்டேன், சரியாகிவிட்டது. மைனஸ் 10 பேக் கடையிலேயே இருக்கட்டும். டூத் பிரஷ்தான் இன்னும் பிடிக்கு எட்டமாட்டேன் என்கிறது.