டென்பின் பௌலிங்: மூன்றாவது ஆட்டத்துக்கு அப்புறம் பந்து பாக்கெட்டுக்குப் (1-ம், 3-ம் பின்னுக்கு நடுவுல) போகுது, ஆனா வலது ஓரத்து 10-ம் பின் விழமாட்டேங்குது. உதவி வேணும்

வணக்கம். கிள்ளான்ல இருந்து எழுதுறேன். வலது கை, ஒத்தைக்கை வீச்சு. லீக்ல சராசரி 185. போன சனிக்கிழமை ஆறு ஆட்ட ஸ்குவாட் (போட்டியில ஒரு சுற்று) ஆடினேன்: 214, 203, 178, 161, 149, 166. மொத்தம் 1071. ஒட்டியிருந்த தாள்ல, லேன்ல (பந்து ஓடுற பாதை) எண்ணெய் 42 அடி நீளம்னு போட்டிருந்தது. மேற்பரப்பை 2000 கிரிட்ல தேய்ச்ச சாலிட் ரியாக்டிவ் பந்து (எண்ணெயை உறிஞ்சி நல்லா பிடிக்கிற வகை), லேன்ல இருக்கிற இரண்டாவது அம்புக்குறி மேல வீசினேன். முதல் ரெண்டு ஆட்டம் வெண்ணெய் மாதிரி போச்சு. மூணாவதுல வரிசையா 10-ம் பின் நின்னுச்சு. பந்து திரும்பலைன்னு நினைச்சு கால் ரெண்டு போர்டு (லேனோட பலகைக் கோடு) வலது பக்கம் நகர்ந்தேன், வேகத்தையும் குறைச்சேன். அடுத்து ஒரே ஸ்ப்ளிட் (நடுவுல இடைவெளி விட்டு பின் நிக்கிறது). எங்க தப்பு?

— பத்தாம்பின்_பகைவன்

பழைய_ஷூ:
தம்பி, ஒரே ஒரு கேள்வி. 10-ம் பின் நிக்கும்போது பக்கத்துல இருக்கிற 6-ம் பின் என்ன பண்ணுச்சு? பறந்து வந்து 10-ஐச் சுத்திக்கிட்டுப் போச்சா, இல்ல சோம்பேறியா பக்கத்துக் குழியில போய் படுத்துக்கிச்சா?

பத்தாம்பின்_பகைவன்:
படுத்துக்கிச்சு அண்ணே. எல்லா தடவையும்.

எண்ணெய்_கை:
அப்போ கேரிடவுன்தான். எண்ணெய் பின் பக்கம் தள்ளிப்போய் பந்து வழுக்குது. நீங்க வலது பக்கம் போனது சரிதான், இன்னும் போயிருக்கணும்.

பழைய_ஷூ:
இல்லப்பா, அவசரப்படாதே. 6-ம் பின் படுத்தா பந்துல வேகமும் கோணமும் செத்துப்போச்சுன்னு மட்டும்தான் அர்த்தம். ஏன் செத்துச்சுங்கறதுக்கு ரெண்டு காரணம் இருக்கு, ரெண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர். எண்ணெய்ல வழுக்கி லேட்டா திரும்பினாலும் அப்படித்தான் படுக்கும். நடு லேன்லயே பிடிச்சு, இருக்கிற சக்தியெல்லாம் அங்கேயே கொட்டிட்டு, கடைசி 15 அடி வெறும் உருண்டைக்கல்லா போனாலும் அப்படித்தான்.

எண்ணெயைக் குடிக்காத யூரித்தேன், பிளாஸ்டிக் பந்து ஆளுங்க நிறைய இருந்தா கேரிடவுன் பேசலாம். எல்லாரும் ரியாக்டிவ் போட்டா அது எண்ணெயைக் குடிச்சிடும். தம்பி, உன் பந்து திரும்பி வரும்போது அது மேல ஒட்டின எண்ணெய் வளையம் எப்படி இருந்துச்சு?

பத்தாம்பின்_பகைவன்:
முதல் ஆட்டத்துல துண்டு நனையற அளவுக்கு. நாலாவதுல லேசா ஒரு கோடு, அவ்வளவுதான். ஜோடி லேன்ல கூட ஆடின மூணு பேரும் வலது கை, மூணு பேரும் ரியாக்டிவ்.

பழைய_ஷூ:
வந்துச்சா பதில்! நாலு பேர் சேர்ந்து அந்த இரண்டாவது அம்புக்குறி இருக்கிற 10-ம் போர்டை உழுதிருக்கீங்க. அங்க எண்ணெயே இல்லை. நீ வேகத்தையும் குறைச்சு, வலது பக்கமும் போனா பந்து முன்னாடியே பிடிச்சு ஹெட்பின் (1-ம் பின்) மூக்குல போய் அடிக்கும். ஸ்ப்ளிட் வராம என்ன வரும்?

இடது பக்கம் போ. கால் 3 போர்டு, கண் 2 போர்டு. அப்பவும் 6 படுத்தா கால் 5, கண் 3. மூணு பந்து போட்டும் மாறலைன்னா இடத்தைத் தேடிக்கிட்டு நிக்காதே, பந்தை மாத்து. மெருகு போட்ட பெர்ல் பந்து (சாலிட் மாதிரி சீக்கிரம் பிடிக்காது) இருக்கா?

பத்தாம்பின்_பகைவன்:
இருக்கு. ஆனா சாலிட் பந்தையே தேய்ச்சுக்கலாமான்னு யோசிச்சேன்.

லேன்_பூனை:
ஆட்டம் ஆரம்பிச்ச பிறகு மேற்பரப்பைத் தேய்க்கக் கூடாது. திரவ க்ளீனரும் வேணாம், அமெரிக்க பௌலிங் அமைப்பான யுஎஸ்பிசி விதிப்படி 2020 ஆகஸ்டிலிருந்து போட்டி நடக்கும்போது காய்ஞ்ச துண்டு மட்டும்தான். இங்க எந்த விதின்னு அமைப்பாளரைக் கேட்டுக்கோங்க.

இன்னொன்னு. 42-லிருந்து 31 கழிச்சா 11, அந்தப் போர்டுல எண்ணெயை விட்டு வெளியே வரணும்னு கணக்கு சொல்வாங்க. அது புதுசா எண்ணெய் போட்ட லேனுக்கு. மூணாவது ஆட்டத்துல அந்தத் தாளைப் பார்த்துக்கிட்டு நின்னா போச்சு.

அப்புறம் 149-ல எத்தனை ஓபன் ஃப்ரேம் (ரெண்டு வீச்சுலயும் பின் மிச்சம் நின்னது)?

பத்தாம்பின்_பகைவன்:
ஆறு. அதுல மூணு ஒத்தை 10-ம் பின். மிச்ச பின்னை எடுக்கிற ஸ்பேருக்கும் சாலிட் பந்தையே போட்டேன், கடைசியில திரும்பி உள்ளே வந்துடுச்சு.

லேன்_பூனை:
நேரா போற பிளாஸ்டிக் பந்து எதுக்கு இருக்கு? பையில பாரமாவா?

பத்தாம்பின்_பகைவன் (பத்து நாள் கழிச்சு):
அதே லேன், அதே தாள். 201, 196, 188, 209, 171, 192. மொத்தம் 1157. மூணாவது ஆட்டத்துல முதல் 10-ம் பின் நின்னதும் கால் கை எல்லாம் வலது பக்கமே இழுத்துச்சு அண்ணே, பிடிச்சு வச்சுக்கிட்டேன். 6-ஐ மட்டும் பார்த்தேன். நாலாவதுல பெர்லுக்கு மாறினேன். 10-ம் பின்னுக்கு பிளாஸ்டிக், ஒண்ணே ஒண்ணுதான் விட்டேன்.

அந்த 171 மட்டும் புரியல. ஜோடி மாறிப் போன லேன்ல இடது லேன் நல்லா போச்சு, வலது லேன்ல பந்து நீட்டமா வழுக்கிட்டே போச்சு.

பழைய_ஷூ:
உனக்கு முன்னாடி அந்த ஜோடியில ஆடினது யாரு? யூரித்தேன் ஆளா?

பத்தாம்பின்_பகைவன்:
கவனிக்கல அண்ணே. நான் பெர்லைத் துடைச்சுக்கிட்டு இருந்தேன்.

எண்ணெய்_கை:
இந்தத் தடவை கேரிடவுன்னு நான் சொல்லலாமா?

பழைய_ஷூ:
இந்தத் தடவை சொல்லலாம் லா.